பீரோவில் கிடைத்த என்95

கேள்வி: பீரோவைச் சுத்தம் செய்தபோது அண்ணனின் பழைய நோக்கியா என்95 கிடைத்தது. சார்ஜ் போட்டால் ஆன் ஆகிறது. 5 மெகாபிக்சல் கேமரா, ஜிபிஎஸ், வைஃபை, எஃப்எம், 3ஜி எல்லாமே இருக்கிறது. ஸ்மார்ட்போனைத் தலைமுழுகிவிட்டு இதையே வைத்துக்கொள்ளலாமா?
- வாசகர் ஒருவர், கரூர்

பதில்: எல்லாம் சொன்னீர்கள், எந்த சிம் போடப்போகிறீர்கள் என்று சொல்லவில்லையே! ஜியோ என்றால் போனைத் துடைத்து பீரோவிலேயே வைத்துவிடுங்கள். அங்கே 2ஜி, 3ஜி இரண்டுமே கிடையாது; 2007-இல் கடைக்கு வந்த என்95-க்கோ 4ஜி என்றால் என்னவென்றே தெரியாது. ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் சிம் என்றால் 2ஜி-யில் பேசலாம், எஸ்எம்எஸ் அனுப்பலாம், ஓடிபி வரும். 3ஜி-யை ஏர்டெல்லும் வி-யும் எப்போதோ மூட்டை கட்டிவிட்டன. இன்றைய நானோ சிம்முக்கு அடாப்டர் வேண்டும். சிம் இல்லாமல் வெறும் அடாப்டரை உள்ளே தள்ளி இழுத்தால் ஸ்லாட்டின் பின்கள் அதில் மாட்டி வளைந்துபோகும். அப்புறம் எந்த சிம்மும் வேலைக்கு ஆகாது.

நீங்கள் அடுக்கிய வசதிகளில் போனின் உடம்புக்குள்ளேயே முடிகிற வேலை இன்றும் நடக்கும். வெளியே எவருடைய சர்வரையோ நம்பியிருந்த வேலை போயே போய்விட்டது. கேமரா, எஃப்எம், பாட்டு, அலாரம் முதல் வகை (எஃப்எம்முக்கு ஹெட்செட் வயர்தான் ஆன்டெனா, செருகாமல் தேடாதீர்கள்). வாட்ஸ்அப் இரண்டாம் வகை. இந்த ரகப் போன்களுக்கு 2017 ஜூன் 30-உடன் கதவடைத்துவிட்டது. வைஃபை பிடிக்கும், ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். ஹாட்ஸ்பாட்டை 5-இல் வைத்தால் கண்ணுக்கே தெரியாது. பிடித்தாலும் பெரும்பாலான தளங்கள் திறக்காது, போனுக்குள் இருக்கும் பாதுகாப்புச் சான்றிதழ்கள் அவ்வளவு பழசு. ஏதாவது அப்ளிகேஷன் ஏற்றப்போய் 'சான்றிதழ் காலாவதி' என்று மறுத்தால், போனின் தேதியை 2009-க்குத் தள்ளிவிட்டு ஏற்றிப் பாருங்கள். பிறகு தேதியைத் திருத்திக்கொள்ளலாம்.

ஜிபிஎஸ்தான் நடுவில் தொங்குகிறது. அந்தக் காலத்தில் செயற்கைக்கோள்களின் இருப்பிடக் கணக்கை நெட் வழியாக வாங்கிச் சீக்கிரம் பிடிக்கும். இப்போது வானத்திலிருந்தே வாங்க வேண்டும். செயற்கைக்கோள் அதை நொடிக்கு 50 பிட் வேகத்தில்தான் ஒப்பிக்கும். முழு அட்டவணையும் வந்துசேர 12.5 நிமிடம். எனவே பொசிஷனிங் செட்டிங்கில் 'அசிஸ்டட் ஜிபிஎஸ்'-ஐ அணைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போங்கள். ஸ்லைடைத் திறந்து, நம்பர் கீபேட் வானத்தைப் பார்க்க வையுங்கள். ஆன்டெனா அந்தக் கீபேடுக்கு அடியில் இருக்கிறது. மூடி வைத்து, உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, 'பிடிக்கவில்லை' என்று போனைத் திட்டிப் பயனில்லை.

இனி பேட்டரி. ஆன் ஆகிறது என்பதற்காக அதை நம்பாதீர்கள். கழற்றி மேசைமேல் படுக்கவைத்துச் சுண்டிவிடுங்கள். பம்பரமாய்ச் சுற்றினால் வயிறு உப்பிவிட்டது என்று அர்த்தம். திரும்பப் போடாதீர்கள், குத்தவோ அழுத்தவோ வேண்டாம், மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். மாற்று பேட்டரி பிஎல்-5எஃப், அசல் அளவு 950 எம்ஏஎச். அதே அளவு டப்பாவில் '2400' என்று அச்சடித்து விற்பார்கள். மை மட்டும்தான் கூடுதல். (8 ஜிபி என்று பெயரிலேயே போட்ட என்95 என்றால் அதற்கு பிஎல்-6எஃப், 1200.) 950-லேயே வைஃபையும் ஜிபிஎஸ்ஸும் ஓட்டினால் சாயங்காலம் வரை தாங்காது. சார்ஜ் 2 மில்லிமீட்டர் மெல்லிய பின்னில்தான் ஏறும். பக்கவாட்டு மினி யூஎஸ்பி டேட்டாவுக்கு மட்டும். அதில் இரவெல்லாம் செருகி வைத்தாலும் ஒரு கோடுகூட ஏறாது.

ஸ்லைடை இரண்டு பக்கமும் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். பாதி வழியில் திரை மினுக்கினாலோ வெளுத்தாலோ உள்ளே ரிப்பன் கேபிள் மடிந்து மடிந்து விரிசல் விட்டிருக்கிறது. அதை மாற்றலாம், ஆனால் பாகமும் கை பழகிய மெக்கானிக்கும் ஒருசேரக் கிடைப்பது அரிது.

மெமரி கார்டு 8 ஜிபி போதும். 64 ஜிபி கார்டுகள் எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டில் வருவதால் போன் படிக்காது.

பணம் அனுப்புவது? யூபிஐ ஆப் ஓடாது. *99# அடித்து, ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை அனுப்பலாம். வங்கியில் பதிவான எண்ணின் சிம் இதில் இருக்க வேண்டும். பெட்டிக்கடையில் கியூஆர் கோடை நீட்டும்போது பையில் சில்லறை இருக்கட்டும். ஆகவே தலைமுழுக வேண்டாம், இரண்டாவது போனாக வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதுபோலத் துடைக்க *#7370# அடிக்கலாம். லாக் கோடு கேட்கும், மாற்றாமல் இருந்தால் 12345. போன் மெமரியில் உள்ள நம்பர், மெசேஜ், படம் அத்தனையும் போய்விடும். அதற்குமுன் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: படங்கள் அவருடையவை, 12345-ஐ அவர் மாற்றியிருந்தால் புது எண்ணும் அவருக்குத்தான் தெரியும்.