உறைகுளிர் எதைக் கொல்லும், எதைக் கொல்லாது? நாடாப்புழு குறித்த வாசகர் கேள்விகள்

கனடாவிலும் நார்டிக் நாடுகளிலும் வாழும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், இவ்வளவு குளிரில் புழு எப்படிப் பிழைக்கும் என்ற ஐயம் திரும்பத் திரும்ப வருகிறது. மீனிலும் இறைச்சியிலும் இருக்கும் இளம்புழுவைப் போதிய உறைகுளிர் கொல்லும். நாய், நரி, ஓநாய் ஆகியவற்றின் மலத்தோடு வெளியேறும் முட்டைகளோ பனிக்காலம் முழுவதையும் தாங்கும். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டையே சார்ந்தவை.

கேள்வி: ஆல்பர்ட்டாவில் வசிக்கிறோம். எங்கள் நாய் புல்வெளியில் எலிகளைப் பிடித்துத் தின்றுவிடுகிறது. மலத்தில் புழு எதுவும் தென்படவில்லை. அப்படியும் மருந்து தர வேண்டுமா?

கட்டாயம் தர வேண்டும். நாயின் மலத்தில் அரிசிமணிபோல் நெளிந்து நம் கண்ணில் படுவது பெரும்பாலும் தெள்ளுப்பூச்சியால் பரவும் வேறு வகை நாடாப்புழுவின் துண்டுகள். நீங்கள் அஞ்ச வேண்டிய எக்கினோகாக்கஸ் மல்டிலாகுலாரிஸ் என்ற புழு, முழு வளர்ச்சி அடைந்த பிறகும் சில மில்லிமீட்டர் நீளத்தைத் தாண்டாது. ஆயிரக்கணக்கில் குடலில் ஒட்டியிருந்தாலும் நாய் நன்றாகத் தின்று ஓடியாடிக்கொண்டிருக்கும். நரி, கயோட்டி (வட அமெரிக்கக் காட்டு நாயினம்), நாய் ஆகியவற்றின் குடலில் வளர்ந்த புழுவும், வோல், லெம்மிங் போன்ற சிறு எலியினங்களின் கல்லீரலில் இளம்புழுவும் வாழ்கின்றன. எலியைத் தின்னும் விலங்குக்குப் புழு போய்ச் சேர்கிறது. அதன் மலத்திலுள்ள முட்டை புல்லோடு மீண்டும் எலிக்குப் போகிறது.

அந்த முட்டை தவறுதலாக மனிதர் வாய்க்குள் போனால், இளம்புழு கல்லீரலில் புற்றுக்கட்டியைப் போல மெல்லப் பரவும். 5 முதல் 15 ஆண்டுகள் வரை எந்த அறிகுறியும் இல்லாமல் போகலாம். கண்டறியும்போது அறுவை சிகிச்சையும், பல ஆண்டுகளுக்கு, சிலருக்கு வாழ்நாள் முழுவதும், அல்பெண்டசோல் மாத்திரையும் தேவைப்படும். ஆல்பர்ட்டாவில் 2013 முதல் மனிதர்களிடம் இந்நோய் கண்டறியப்பட்டு வருவதால், இதைத் தொலைதூரத்துச் செய்தியாக எண்ணிவிடாதீர்கள்.

நாய் விழுங்கிய இளம்புழு முட்டையிடத் தொடங்க ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். ஆகவே எலி பிடிக்கும் நாய்க்கு மாதம் ஒருமுறை பிராசிகுவான்டெல் என்ற நாடாப்புழு மருந்தைக் கொடுப்பது பற்றி உங்கள் கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள். இந்த மருந்து புழுவைக் கொல்லுமே தவிர முட்டையைக் கொல்லாது என்பதால், மருந்து கொடுத்தபின் சில நாட்களுக்கு மலத்தைக் கையுறை அணிந்து உடனுக்குடன் அகற்றுவது அவசியம். அலாஸ்காவின் செயின்ட் லாரன்ஸ் தீவிலுள்ள சவூங்கா கிராமத்தில் ஒட்டுண்ணி ஆய்வாளர் ராபர்ட் ராவுஷ் குழுவினர் நாய்களுக்கு மாதந்தோறும் இந்த மருந்தைக் கொடுத்துவந்தபோது, ஊரைச் சுற்றியிருந்த எலிகளிடமும் தொற்று வெகுவாகக் குறைந்தது. நாய்க்குக் கொடுக்கும் ஒரு மாத்திரை ஊருக்கே காப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

கேள்வி: காட்டில் பறித்த புளூபெர்ரியை உறையவைத்துத்தான் உண்கிறோம். அது போதுமா?

போதாது. நரி மலத்திலிருந்து பழத்தில் ஒட்டியிருக்கக்கூடிய எக்கினோகாக்கஸ் முட்டைகள் மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் குளிரில் சாவதில்லை. ஆய்வகங்களில் மைனஸ் 80 டிகிரியில் சில நாட்கள் வைத்த பிறகே மாதிரிகளைக் கையாளுகிறார்கள். சாராயமும் வழக்கமான கிருமிநாசினிகளும்கூட அவற்றை ஒன்றும் செய்வதில்லை. வெப்பத்துக்கும் உலர்வுக்கும்தான் அவை பணியும். எனவே நரி நடமாடும் இடத்துப் பழங்களை ஜாமாகக் காய்ச்சுங்கள். பச்சையாக உண்பதானால் ஓடும் நீரில் நன்கு அலசுங்கள். அலசுவது ஆபத்தைக் குறைக்கும், முற்றிலும் நீக்காது. மண்ணையும் நாயையும் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவுவது இதைவிட முக்கியம்.

கேள்வி: பின்லாந்தில் பனி ஏரியில் நாங்களே பிடித்த பெர்ச் மீனைப் பச்சையாக உண்ணலாமா?

பச்சையாக வேண்டாம். பெர்ச், பைக், பர்பட் மீன்களின் தசையில் மீன் நாடாப்புழுவின் இளம்புழு இருக்கக்கூடும். வெட்டிய துண்டை வெளிச்சத்தில் பார்த்தால் சுருண்டு கிடக்கும் வெண்ணிற நூல்போல் தெரியும், சில நேரம் தெரியாமலும் போகும். மனிதக் குடலில் அது 10 மீட்டருக்கு மேலும் வளர்ந்து, பல ஆண்டுகள் தங்கி, நாம் உண்ணும் உணவிலுள்ள வைட்டமின் பி12-ஐ உறிஞ்சிக்கொள்ளும். அதனால் சிலருக்குக் கடும் இரத்தசோகை வரும் என்பதைப் பின்லாந்து மருத்துவர் பெர்டெல் ஃபான் போன்ஸ்டார்ஃப் விரிவாக ஆராய்ந்தார். ஆனாலும் இதற்குச் சிகிச்சை எளிது. பெரும்பாலும் ஒரே வேளை மருந்திலேயே குணமாகிவிடும்.

இங்கே குளிர் உதவும். மைனஸ் 20 டிகிரியில் 7 நாட்கள் வைத்தால் இளம்புழு செத்துவிடும். வீட்டு உறைவிப்பான் பெட்டிகள் பல மைனஸ் 18 டிகிரியோடு நின்றுவிடுவதால், உள்ளே ஒரு வெப்பமானியை வைத்துச் சரிபாருங்கள். இலேசாக உப்பிடுவதும் வெப்பமின்றிப் புகையூட்டுவதும் போதுமானவை அல்ல. மீனின் உட்பகுதி 63 டிகிரி எட்டும்வரை சமைத்தால் அச்சமே இல்லை.

கேள்வி: நண்பர் வேட்டையாடிய மூஸ் மானின் நுரையீரலில் நீர் நிறைந்த கட்டிகள் இருந்தன. இறைச்சியை உண்ணலாமா?

நீங்கள் விவரிப்பது ஓநாய்க்கும் மான் இனத்துக்கும் இடையே சுழலும் எக்கினோகாக்கஸ் கனடென்சிஸ் புழுவின் நீர்க்கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். அழுத்தினால் விறைப்பாக இருக்கும். வெட்டினால் தெளிந்த நீரும் அடியில் மணல்போன்ற துகள்களும் தெரியும். அந்தத் துகள் ஒவ்வொன்றும் நாயின் குடலில் ஒரு புழுவாகக் கூடும். இறைச்சியை நன்கு வேகவைத்து நீங்கள் உண்ணலாம், ஏனெனில் கட்டியால் மனிதருக்குத் தொற்று வருவதில்லை. அந்த நுரையீரலை நாய்க்குப் போடுவதுதான் பெருந்தவறு. பிறகு நாயின் மலத்திலுள்ள முட்டைதான் வீட்டாரைத் தாக்கும்.

ஐஸ்லாந்தின் வரலாறு இங்கே நினைக்கத் தக்கது. அங்கு ஆடுகளுக்கும் நாய்களுக்கும் இடையே சுழன்ற நெருங்கிய உறவினப் புழு 19-ஆம் நூற்றாண்டில் எண்ணற்றோரை வாட்டியது. 1863-இல் அங்கு சென்ற டேனிஷ் ஆய்வாளர் ஹரால்ட் கிராப், 100 நாய்களை அறுத்துப் பார்த்ததில் 28 நாய்களிடம் புழு இருந்தது. அவர் எழுதிய சிறுநூல் மக்களிடையே இலவசமாக வழங்கப்பட்டது. கட்டியுள்ள உறுப்புகளை நாய்க்கு எட்டாமல் அழிப்பது, நாய்களுக்குப் புழுநீக்கம் செய்வது என்ற இரண்டையும் சட்டத்தின் துணையோடு தலைமுறை தலைமுறையாகக் கடைப்பிடித்து அந்நாடு புழுவை ஒழித்தது. இன்றைய மருந்துகள் எதுவும் அப்போது இல்லை.

கேள்வி: மலப் பரிசோதனை செய்துகொண்டால் எனக்குத் தொற்று உண்டா என்று தெரிந்துவிடுமா?

மீன் நாடாப்புழு என்றால் தெரியும். எக்கினோகாக்கஸ் என்றால் தெரியாது, ஏனெனில் மனிதக் குடலில் அது முட்டையிடுவதில்லை. வயிற்று ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் தேவை.

கேள்வி: ஸ்வீடனிலிருந்து நாயோடு நார்வே செல்கிறோம். மருந்தை எப்போது கொடுப்பது?

எல்லையைக் கடப்பதற்கு 120 மணி நேரத்துக்கு முன்னதாகவும் இருக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள்ளும் இருக்கக் கூடாது. கால்நடை மருத்துவர் முன்னிலையில் கொடுத்து, நாயின் கடவுச்சீட்டில் பதிவுசெய்ய வேண்டும். நார்வேயின் பெருநிலப்பகுதியில் நரிப்புழு (முதல் கேள்வியில் சொன்ன எக்கினோகாக்கஸ் மல்டிலாகுலாரிஸ்) இதுவரை நிலைகொள்ளவில்லை. ஸ்வீடனில் 2011 முதல் காணப்படுகிறது. சோதனைச் சாவடியில் யாரும் கேட்காவிட்டாலும் மருந்தைக் கொடுத்துவிட்டே புறப்படுங்கள்.