பாடகர் கட்டிய கம்பெனி

கேள்வி: தென் கொரியாவின் இசை நிறுவனமான எஸ்.எம். என்டர்டெயின்மென்ட்டை ஆரம்பித்தவர் ஒரு பாடகராமே! எப்படி இவ்வளவு வளர்ந்தது?

பதில்: ஆமாம், லீ சூ-மான். 1970-களில் மேடையில் பாடியவர். 1995-ல் கம்பெனியைத் தொடங்கி, மறு வருஷமே எச்.ஓ.டி. என்ற பாப் இசைக் குழுவை இறக்கினார், 2000-ல் பங்குச்சந்தைக்கும் வந்துவிட்டார். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது பாடகி போவாவின் கதைதான். அண்ணனுக்குத் துணையாக ஆடிஷனுக்குப் போன சின்னப் பெண்ணின் திறமையைக் கண்டுகொண்டு, பாட்டு, நடனம், ஜப்பானிய மொழி என்று வருஷக்கணக்கில் பயிற்சி கொடுத்து, 2002-ல் ஜப்பானின் ஓரிகான் என்ற ஆல்பம் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள். அப்போது போவாவுக்கு வயது 15! அந்தப் பொறுமைதான் மூலதனம். அப்புறம் 2023-ல் கம்பெனியின் பெரிய பங்கு ககாவ் என்ற கொரிய இணைய நிறுவனத்தின் கைக்குப் போனது, அதில் எனக்கு வருத்தம்தான்.