ஸ்டெல்த் பூச்சு: மழையில் கரையுமா, ரேடாரில் மறையுமா?

திருவனந்தபுரத்தில் நின்ற பிரிட்டிஷ் எஃப்-35பி ஸ்டெல்த் (ரேடாரில் எளிதில் சிக்காத) போர்விமானம் மழையில் நனைந்து கோட்டிங்கே போய்விட்டதாமே? (சிவகாசி வாசகர்)

2025 ஜூன் 14 அன்று இறங்கிய விமானம் அது. ஜூலை 22இல் கிளம்பிப் போனது. நடுவில் மூன்று வாரம் வெட்டவெளியில் நனைந்தது உண்மைதான். ஆனால் அதை முடக்கியது ஹைட்ராலிக் கோளாறு. கப்பலில் உப்புக்காற்றைத் தாங்கி நிற்பதற்கென்றே செய்த ரகம், கேரள மழையில் கரைந்துவிடாது.

அதற்காகப் பராமரிப்பே வேண்டாம் என்றும் இல்லை. ரேடார் அலையை உறிஞ்சும் பூச்சில் இரும்புத்தூள் இருந்தால், மேல்பெயின்ட் கீறிய இடத்தில் ஈரம் இறங்கித் துரு ஏறும். அதைவிடப் பெரிய தொல்லை மூடிகளின் விளிம்பு. ரிப்பேருக்காக ஒரு மூடியைத் திறந்தால், சுற்றியுள்ள நிரப்புப் பசையைச் சுரண்டி எடுத்து, மறுபடி நிரப்பி, காயவிட்டு, மட்டம் பார்க்க வேண்டும். சின்ன மேடுபள்ளம் இருந்தாலும் அங்கிருந்து அலை சிதறும்.

அந்த விமானத்தை நம் ரேடார் பிடித்துவிட்டது என்பது? (மேலூர் வாசகர்)

அவசரமாக இறங்க அனுமதி கேட்டு, தானே அடையாளம் சொல்லி வந்த விமானம் அது. தவிர, அமைதிக்காலத்தில் இந்த ரக விமானங்கள் பெரும்பாலும் லூனபெர்க் லென்ஸ் என்ற குமிழை மாட்டிக்கொண்டு, ரேடாரில் வேண்டுமென்றே பெரிதாகத் தெரியும்படி பறக்கும். இதில் மார்தட்ட ஒன்றுமில்லை.

ஆர்சிஎஸ் (விமானம் ரேடாருக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்ற அளவு) 1000 மடங்கு குறைந்தால் 1000 மடங்கு கிட்டே வந்தால்தானே தெரியும்? (திண்டுக்கல் வாசகர்)

இல்லை. தூரம் நான்காம் மூலப்படிதான் குறையும். 1000இன் நான்காம் மூலம் 5.6. மதுரையில் ஒரு ரேடார் இருக்கிறது, சாதாரணப் போர்விமானம் சேலத்துக்கு மேல், அதாவது நேர்கோட்டில் சுமார் 190 கிலோமீட்டரில் வரும்போதே அதில் தெரிகிறது என்று வையுங்கள். 1000 மடங்கு குறைத்த விமானம் சுமார் 34 கிலோமீட்டரில், நத்தம் பக்கம் வந்தபின் தெரியும். பெரிய லாபம்தான், ஆனால் மாயமில்லை.

'90 சதவீதம் உறிஞ்சும்' என்ற தலைப்புச் செய்திகளையும் இப்படியே போட்டுப் பாருங்கள். மிச்சம் 10 சதவீதம். விமானம் முழுக்கவே அப்படி அமைந்தாலும் தூரம் 56 சதவீதமாகத்தான் குறையும். எந்த அலைவரிசையில், எந்தக் கோணத்தில் என்று சொல்லாத ஆர்சிஎஸ் எண்ணை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

தஞ்சாவூர் சுகோய்களுக்கும் இந்தப் பெயின்ட் அடித்தால் என்ன? (மதுரை வாசகர்)

கொஞ்சம் குறையும், ஸ்டெல்த் ஆகாது. முதல் வேலை வடிவத்துடையது. சுகோய்-30இல் நிமிர்ந்து நிற்கும் வால், வெளியே தொங்கும் ஏவுகணை, காற்று நுழைவாய் வழியே எட்டிப்பார்க்கும் எஞ்சின் இதழ்கள், எல்லாமே அலையைத் திருப்பி அடிக்கும். பாரமும் இருக்கிறது: இரும்புத்தூள் பூச்சு 1 மிமீ கனத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 4 கிலோ. 100 சதுர மீட்டருக்கு 400 கிலோ!

கல்லூரி புராஜெக்டுக்கு உறிஞ்சும் பூச்சு செய்து அளக்க முடியுமா? (இசிஇ மாணவி, திருமங்கலம்)

தாராளமாக. கார்போனைல் இரும்புத்தூளும் (மிக நுண்ணிய சுத்த இரும்புத்தூள்) எபாக்ஸி பசையும் போதும். ஹார்டனர் சேர்த்த எபாக்ஸி 100 கிராமுக்குத் தூள் 400 கிராம். இது கன அளவில் ஏறக்குறைய 40 சதவீதம். தூள் மிக நுண்ணியது. மாஸ்க் போடுங்கள், அருகில் நெருப்பு வேண்டாம். கலவை இட்லிமாவைவிடக் கெட்டியாக இருக்கும். குமிழிகளை வேக்குவத்தில் எடுத்துவிடுங்கள். இறுகும்வரை அச்சைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையேல் இரும்பு அடியில் தங்கி, மேல் பக்கம் வெறும் பசையாகிவிடும்.

2 மிமீ கனத்தில், 22.86 × 10.16 மிமீ துண்டாக அறுத்து, லேபில் இருக்கும் டபிள்யூஆர்-90 வேவ்கைடில் (ரேடியோ அலையைக் கடத்தும் செவ்வக உலோகக் குழாய்) செருகுங்கள். 10.16 பக்கம் தேய்ந்து, அகலச் சுவரோடு இடைவெளி விழுந்தால் ரீடிங் கெட்டுவிடும். பின்னால் கட்டாயம் உலோகத் தகடு வேண்டும். அதில்லாமல் அளந்தால் அலை ஊடுருவி வெளியே போய்விடும். திரும்பி வராததையெல்லாம் 'உறிஞ்சியது' என்று கணக்கெழுதிவிடுவோம். பெரிய பெரிய உரிமைகோரல்களிலும் இந்த ஓட்டை உண்டு. விஎஸ்டபிள்யூஆர் (நிலையலை விகிதம்; திரும்பும் அலை குறையக் குறைய 1ஐ நெருங்கும்) 1.9க்குக் கீழே வந்தால் 10 டெசிபல் தாண்டியாயிற்று, அதாவது 10 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் திரும்புகிறது.

கரித்தூள் கலந்த கறுப்பு மேட் பெயின்ட்? (உசிலம்பட்டி வாசகர்)

கண்ணுக்குக் கறுப்பாக இருப்பதற்கும் ரேடாருக்கும் சம்பந்தமில்லை.

1999இல் செர்பியா அமெரிக்க ஸ்டெல்த் விமானமான எஃப்-117ஐ வீழ்த்தியது எப்படி? (விருதுநகர் வாசகர்)

மார்ச் 27 அன்று, எஸ்-125 என்ற பழைய ஏவுகணையால். முன்னெச்சரிக்கைக்கு அவர்கள் வைத்திருந்தது மீட்டர் அலை ரேடார். 10 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3 செமீ. அதற்கு மில்லிமீட்டர் கனப் பூச்சு ஈடுகொடுக்கும். 150 மெகாஹெர்ட்ஸில் அதுவே 2 மீட்டர்! அந்தப் பூச்சு அங்கே பெயரளவுக்குத்தான். ஆனால் இந்த வகை ரேடாருக்குத் துல்லியம் போதாது. குறிபார்க்க வேறு ரேடார் வேண்டும். அதை அவர்கள் விமானம் கிட்டே வந்தபின், சில நொடிகள் மட்டுமே இயக்கினார்கள்.