ஏரிக்கரைச் சுவர் சரிகிறது: அவசரப்பட்டுக் கல் அடுக்கலாமா?

கேள்வி: சியாட்டிலுக்குத் தெற்கே ரென்டனில், வாஷிங்டன் ஏரிக்கரையில் வீடு வாங்கியிருக்கிறோம். கரையோர மரத் தடுப்புச் சுவர் உளுத்துச் சரிகிறது. சால்மன் மீட்புத் திட்டத்துக்காகக் கரையை அரசு எடுத்துக்கொள்ளுமாம். அதற்குள் ‘ரிப்பேர்’ என்று சொல்லிப் பெரிய பாறைகளை அடுக்கிவிடலாம், பெர்மிட்டே தேவையில்லை என்கிறார் கான்ட்ராக்டர். நம்பலாமா?

பதில்: வேண்டாம். அவர் சொன்ன இரண்டுமே தவறு.

முதலில் திட்டம். பியூஜெட் சவுண்ட் என்ற சியாட்டில் கடற்கழிப் பகுதியின் சினூக் சால்மனை 1999-ல் அமெரிக்க அரசு அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவித்தது. உங்கள் ஏரி, சீடர் ஆறு, சமாமிஷ் ஏரி எல்லாம் சேர்ந்த நீர்ப்பிடிப்புக்கு உள்ளூர் அரசுகள் கூடி 2005-ல் ஒரு மீட்புத் திட்டம் போட்டன, 2017-ல் அதைப் புதுப்பித்தன. தனியார் நிலத்தைப் பறிக்கும் அதிகாரம் அந்தத் திட்டத்துக்குக் கிடையாது. வீட்டுக்காரர்கள் மனமுவந்து செய்யும் வேலைகளையே அது பெரிதும் நம்பியிருக்கிறது. உங்களைக் கட்டுப்படுத்துவது திட்டம் அல்ல, ஏற்கெனவே இருக்கிற கரையோரச் சட்டங்கள். இந்த இரண்டையும் வேண்டுமென்றே குழப்பி, பயம் காட்டி அட்வான்ஸ் வாங்குகிறவர்கள் ஏரியைச் சுற்றி நிறையப் பேர் இருக்கிறார்கள்.

உங்கள் கரைமீது மீன் பாதுகாப்பில் இருக்கும் எங்களுக்கு ஏன் இவ்வளவு அக்கறை? சீடர் ஆற்றில் பொரிந்த சினூக் குஞ்சுகள் ஜனவரியிலிருந்து ரென்டனில்தான் ஏரிக்குள் இறங்குகின்றன. விரல் நீளம்கூட இருக்காது. ஒரு மீட்டருக்கும் குறைவான ஆழத்தில், மணலும் சிறு சரளையுமாகச் சரிந்து போகும் கரையை ஒட்டியே மே மாதம் வரை மேய்ந்து வளரும். செங்குத்தான சுவர் இருந்தால் அதன் அடியிலேயே ஆழம் தொடங்கிவிடும். அங்கே ட்ரௌட்டும் பாஸ் மீனும் காத்திருக்கும். ஏரிக்கரையில் சுமார் 70 சதவீதம் இப்படிச் சுவரும் பாறையுமாகத்தான் இருக்கிறது. இந்தக் குஞ்சுகளுக்குப் பாதுகாப்பான இடம் அவ்வளவு குறைந்துவிட்டது. அதனால்தான் ஏரியின் தென்கோடியில் உள்ள ஒவ்வொரு வீட்டுக் கரையும் எங்களுக்கு முக்கியம்.

அடுத்து, ‘ரிப்பேருக்கு பெர்மிட் வேண்டாம்’ என்ற பேச்சு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இதில் பாதி உண்மை இருக்கிறது. மாநிலத்தின் 1971 கரையோரச் சட்டம் வழக்கமான பராமரிப்புக்கும், தனிவீட்டைக் காக்கும் சாதாரணத் தடுப்புச் சுவருக்கும் விலக்கு தருகிறது. ஆனால் அது ஒரே ஒரு பெர்மிட்டிலிருந்து மட்டும்தான். ரென்டன் நகராட்சியின் கரையோர விதிகள் அப்படியே பொருந்தும். மாநில மீன், வனவிலங்குத் துறையின் ஹைட்ராலிக் புராஜெக்ட் அப்ரூவல், அதாவது நீர்நிலையில் செய்யும் வேலைக்கான அனுமதி, தனியாக வேண்டும். தண்ணீர் வழக்கமாக ஏறி நிற்கும் உயர்நீர்க் கோட்டுக்குக் கீழே வேலை என்றால் ராணுவப் பொறியாளர் படையும் பார்க்கும், அவர்கள் மத்திய மீன்வளத் துறையையும் கலந்து பேசுவார்கள். அப்புறம், இருக்கிற சுவரை அதே இடத்தில் செப்பனிடுவதுதான் ரிப்பேர். மரச் சுவருக்கு முன்னால் ஏரிக்குள் பாறை அடுக்குவது ரிப்பேர் ஆகாது. பின்னால் மண் கொட்டித் தோட்டத்தை இரண்டடி நீட்டுவதும் ஆகாது. விலக்கு கிடைத்தது என்று யாராவது சொன்னால் நகராட்சி எழுத்தில் கொடுத்த கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லை நம்பி வேலை நடந்து, நாளைக்கு நோட்டீஸ் வந்தால் அது உங்கள் பெயருக்குத்தான் வரும். அபராதம் கட்டுவதும், கொட்டிய பாறையைத் திரும்ப அள்ளுவதும் உங்கள் செலவு.

‘நகராட்சியில் எனக்கு ஆள் இருக்கிறது, எல்லாப் பெர்மிட்டும் நான் வாங்கித் தருகிறேன்’ என்று மொத்தத் தொகை கேட்கிறவரிடமும் கவனமாக இருங்கள். நகரம், மாநிலம், ராணுவப் பொறியாளர்கள் எல்லோருக்கும் ஒரே கூட்டு விண்ணப்பப் படிவம்தான், யாரும் தரவிறக்கலாம். விண்ணப்பம் முழுமையாக இருந்தால் மீன்துறை 45 நாளில் பதில் சொல்ல வேண்டும். மத்திய அரசுப் பக்கம்தான் மாதக்கணக்கில் இழுக்கும். மீனுக்குக் கெடுதல் செய்யும் சுவரை அதே இடத்தில் திரும்பக் கட்டுவது சுலபம், அதை எடுத்துவிட்டு மணல்கரை அமைப்பதற்குக் கூடுதல் வரைபடம், கூடுதல் ஆய்வு, கூடுதல் காத்திருப்பு. மீட்புத் திட்டம் எழுதி இத்தனை வருடமான பிறகும் நல்லது செய்ய வருகிறவரை இந்த அமைப்பு வாசலிலேயே நிற்க வைப்பதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

உங்களுக்குச் சுவர் தேவையா என்பதையும் கேட்டுப் பாருங்கள். 1916-ல் ஏரியைக் கடலோடு இணைக்கக் கால்வாய் வெட்டியபோது ஏரி சுமார் ஒன்பது அடி இறங்கியது. உங்கள் தோட்டத்தின் ஒரு பகுதி அதற்கு முன் தண்ணீருக்கடியில் இருந்திருக்கலாம். இன்று அந்தக் கால்வாயின் கடல்முனையில் உள்ள பாலார்ட் மதகுகள் நீர்மட்டத்தை இரண்டடி வித்தியாசத்துக்குள் வைத்திருக்கின்றன. புயல் வீசும் குளிர்காலத்தில் மட்டம் தாழ்ந்துதான் இருக்கும். வீடு கரையிலிருந்து தள்ளி இருந்தால், சுவரை எடுத்துச் சரளை பரப்பி, உள்ளூர் வில்லோ செடிகளை நட்ட சரிவே பல இடங்களில் போதும்.

இந்த வாரமே மாநில மீன், வனவிலங்குத் துறையில் உங்கள் பகுதியின் வாழிட உயிரியலாளரை அழைத்து, நேரில் வந்து பார்க்க முடியுமா என்று கேளுங்கள். கிங் கன்சர்வேஷன் டிஸ்ட்ரிக்ட்டையும் கேளுங்கள். நில உரிமையாளர்களுக்கு அவர்கள் ஆலோசனை தருகிறார்கள். குஞ்சுகள் கரையில் இருக்கும் மாதங்களில் தண்ணீருக்குள் வேலை செய்ய விடமாட்டார்கள், ஆகவே கான்ட்ராக்டர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் குஞ்சுகள் கரையை விட்டுப் போவதற்கு முன்பே பாறை இறக்கத் தேதி கொடுக்காதீர்கள். படகுத்துறை விளக்கை மட்டும் இன்றிரவே அணைத்துவிடலாம். அந்த வெளிச்சம் குஞ்சுகளை இழுக்கும், இரைதேடும் மீன்களுக்கும் அவற்றைக் காட்டிக்கொடுக்கும். இதற்கு யாருடைய பெர்மிட்டும் வேண்டாம்.