மகள் கொண்டு வந்த பணம்

கேள்வி: எனக்கு ஐந்து பிள்ளைகள். மூத்த மகள் 2 வருடம் வெளிநாட்டில் தன்னார்வத் தொண்டு செய்துவிட்டுப் போன மாதம்தான் திரும்பி வந்தாள். பணி முடிந்ததற்காக ஒரு தொகை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அவளுடைய 10 மாதச் செலவுக்கு வரும். அவள் இல்லாத நாட்களில் வீட்டில் எவ்வளவோ நடந்துவிட்டது. அடுத்தவனுக்குக் கல்யாணம் ஆகித் தனிக்குடித்தனம் போய்விட்டான். அவன் தலையில் கிரெடிட் கார்டு கடன். நடுவில் உள்ளவள் வேலை மாறிவிட்டாள். நான்காமவன் கல்லூரியில் சேரவேண்டும். கடைசிப் பிள்ளை பள்ளியில் படிக்கிறது. மகள் பணத்தைக் கல்லூரிக் கட்டணத்துக்குக் கட்டிவிடலாம் என்கிறார் என் கணவர். அவளும் “எடுத்துக்கோங்க” என்கிறாள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

பதில்: உங்கள் மனசு சொல்வதுதான் சரி, அம்மா. அந்தப் பணத்தில் கை வைக்காதீர்கள்.

ஐ.நா. தன்னார்வலர் திட்டம் உட்படச் சில அமைப்புகள் பணிக்காலம் முடியும்போது இப்படி ஒரு தொகை தருகின்றன. தொண்டுக்குப் போனவர்களுக்கு மாதாமாதம் கிடைப்பது சம்பளம் அல்ல, தங்கவும் அன்றாடம் கழிக்கவும் ஒரு படி, அவ்வளவுதான். அதில் சேமிப்பு என்று பெரிதாக எதுவும் மிஞ்சாது. அதனால் ஊர் திரும்பி ஒரு வேலையில் காலூன்றும் வரை தாக்குப்பிடிக்கத்தான் இந்தப் பணம்.

“எடுத்துக்கோங்க” என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தம்பி கல்யாணம், தங்கையின் புது வேலை எல்லாவற்றையும் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டவள் அவள். கூட இல்லாமல் போனோமே என்ற உறுத்தல் இருக்கத்தான் செய்யும். அந்த உறுத்தலில் இன்று கொடுத்துவிட்டால், நான்கு மாதம் கழித்து ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போக பஸ் காசு கேட்கக்கூட அவளுக்குக் கூச்சமாக இருக்கும்.

6 மாதச் செலவை அவள் பெயரிலேயே, நினைத்தவுடன் எடுக்கக்கூடிய கணக்கில் போடச் சொல்லுங்கள். மீதி 4 மாதத் தொகையைப் பற்றி வேலை கிடைத்த பிறகு பேசலாம். அதுவரை அதை எந்த நீண்டகாலத் திட்டத்திலும் பூட்ட வேண்டாம்.

அவசரமாகப் பார்க்கவேண்டியது வேறு இரண்டு. அங்கே வங்கிக் கணக்கு வைத்திருந்தாளா? ஓடிபி பெரும்பாலும் அந்த நாட்டு சிம்முக்குத்தான் வரும். ரீசார்ஜ் செய்யாமல் சிம் செத்துவிட்டால் தன் பணத்தையே எடுக்க முடியாமல் அல்லாடவேண்டும். எண் உயிரோடு இருக்கும்போதே பணத்தை மாற்றிவிட்டுக் கணக்கை மூடச் சொல்லுங்கள். மாற்றும்போது சேவைக் கட்டணத்தை மட்டும் பார்த்தால் போதாது. கட்டணமே இல்லை என்று சொல்லிவிட்டு மாற்று விகிதத்தில் எடுத்துக்கொள்வார்கள். கடைசியில் கைக்கு எவ்வளவு வரும் என்று இரண்டு மூன்று இடத்தில் கேட்டு ஒப்பிடட்டும்.

அப்புறம் மருத்துவக் காப்பீடு. தொண்டு அமைப்பு கொடுத்த காப்பீடு எந்தத் தேதியோடு முடிகிறது என்று இன்றே கேளுங்கள். மலேரியா உள்ள பகுதியில் இருந்தவள் என்றால் இது இன்னும் முக்கியம். வைவாக்ஸ் வகை மலேரியா கல்லீரலில் பதுங்கியிருந்து பல மாதம் கழித்துக்கூடக் காய்ச்சலாக வரும். காய்ச்சல் வந்தால் எங்கே இருந்துவிட்டு வந்தாள் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பழைய காப்பீடு முடியும் நாளிலேயே புதியது தொடங்கட்டும்.

இனி உங்கள் குடும்பத்தின் செலவும் கடனும். கல்லூரிக் கட்டணம் முன்கூட்டியே தெரிந்த செலவு. தவணை கேட்கலாம், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், கல்விக் கடன் வாங்கலாம். கிரெடிட் கார்டு அப்படியில்லை. மாதம் 3 சதவீத வட்டி என்றால் கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். வட்டிக்கு வட்டி ஏறி வருடத்தில் 42 சதவீதத்தைத் தாண்டிவிடும். குடும்பத்தில் யார் கையிலாவது உபரி இருந்தால் அது முதலில் போகவேண்டிய இடம் அதுதான். ஆனால் அதை அடைக்கவேண்டியவன் கார்டு வைத்திருக்கும் மகன். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுவதை அவன் நிறுத்தவேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்காருங்கள். போனில் மகளுக்கு நல்ல சேதி எல்லாம் சொன்னீர்கள், கடனைச் சொல்லியிருக்க மாட்டீர்கள். ஒரே தாளில் ஒவ்வொருவரும் தன் வரவு, செலவு, கடனை எழுதட்டும். தாளை முதலில் மூத்தவள் கையில் கொடுங்கள். 2 வருடம் கொஞ்சப் பணத்தில் மாதத்தை ஓட்டியவள், உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத கணக்கு அவளுக்குத் தெரிந்திருக்கும்.