பழைய கார்பரேட்டர் கார் காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஓடிச் சூடானபின் நிறுத்தினால் அரை மணி நேரம் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. வீட்டிலேயே காரணத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஆனால் வண்டி அடம் பிடிக்கிற அந்த நேரத்திலேயே பார்க்க வேண்டும். இந்தக் கோளாறு மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே போவதற்குக் காரணம், பெரும்பாலும் வண்டி ஆறியபின் பானெட்டைத் திறப்பதுதான். ஆறின காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) நல்ல ஸ்பார்க் தரும். ஆறின பம்ப் ஒழுங்காகப் பெட்ரோல் தள்ளும். எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று குழம்பி, பிளக், காயில், பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பணத்தைக் கரைப்பார்கள்.

பிளாட்டினம் பாயின்ட் டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பங்கிடும் பாகம்; அதற்குள் திறந்து மூடும் சுவிட்ச்தான் பாயின்ட்), என்ஜினோடு பொருத்திய மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப், அண்மையில் மாற்றிய காயில், ஓவர்ஹால் செய்த கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) என்று கேள்வியின் விளக்கத்தில் சொல்லியிருக்கிறீர்கள். கடைசி இரண்டையும் முக்கியமான துப்பாக எடுத்துக்கொள்கிறேன்.

கருவிகளை முன்கூட்டியே வண்டியில் போட்டு வையுங்கள்: மல்டிமீட்டர், நல்ல நிலையில் உள்ள உபரி ஸ்பார்க் பிளக் ஒன்று, ரப்பர் பிடி போட்ட பிளையர், டார்ச், துணி, ஒரு பாட்டில் தண்ணீர், பெட்ரோல் தீயை அணைக்கும் பவுடர் வகை தீயணைப்பான். 20-30 நிமிடம் ஓட்டிவிட்டுத் திறந்தவெளியில் நிறுத்துங்கள். பானெட்டைத் திறக்காமல் 10-15 நிமிடம் காத்திருங்கள். என்ஜினை நிறுத்தியதும் வாட்டர் பம்பும் காற்றோட்டமும் நின்றுவிடும். பிளாக்கிலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலும் தேங்கிய சூடு மேலேறிக் கார்பரேட்டரையும் பம்பையும் ஓடும்போது இருந்ததைவிட அதிகமாகச் சுட வைக்கும். நமக்கு வேண்டியது அந்த உச்சக்கட்டச் சூடு. கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கட்டை. எலக்ட்ரிக் ஃபேன் இருந்தால் சாவியை எடுத்த பிறகும் திடீரென்று சுற்றும். கையைத் தள்ளி வையுங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொடவே வேண்டாம்.

இப்போது சாவியைத் திருப்பிக் காதைக் கொடுங்கள். செல்ஃப் (என்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) முக்கி முக்கிச் சுற்றுகிறதா, வழக்கமான வேகத்தில் சுற்றியும் என்ஜின் பிடிக்கவில்லையா? இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

முக்கினால் பெட்ரோல் பக்கமே போகாதீர்கள். செப்புக் கம்பி சூடேறினால் அதன் மின்தடை கூடும். 20 டிகிரியிலிருந்து 100 டிகிரி செல்சியஸுக்குப் போனால் ஏறக்குறைய 30 சதவீதம் ஏறிவிடும். பேட்டரியின் நெகட்டிவை என்ஜின் உலோகத்தோடு சேர்க்கும் எர்த் இணைப்பு ஏற்கெனவே துருப்பிடித்திருந்தால், குளிரில் எப்படியோ சமாளித்த செல்ஃப் சூட்டில் படுத்துவிடும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவிலிருந்து காயில் வயரைக் கழற்றி என்ஜின் உலோகத்தோடு இறுக்கமாகக் கட்டிவிடுங்கள், என்ஜின் பிடிக்காமல் சுற்ற மட்டும் செய்யும். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில் வையுங்கள். மேலே இருக்கும் கிளாம்பில் வைத்தால் கிளாம்புக்கும் கம்பத்துக்கும் நடுவே உள்ள கோளாறு தெரியாமல் போகும். இன்னொரு முனையை என்ஜின் பிளாக்கில் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்யவேண்டும், இல்லையேல் மாற்றவேண்டும். பாசிட்டிவ் கம்பத்துக்கும் செல்ஃப் மோட்டாரின் போல்ட்டுக்கும் இடையே 0.5 வோல்ட் வரை பொறுக்கலாம். இதை ஓம் அளவில் சோதித்தால் ஒன்றும் பிடிபடாது. செல்ஃப் 150 ஆம்பியர் இழுக்கும்போது 0.003 ஓம் தடையே அரை வோல்ட்டைத் தின்றுவிடும். அவ்வளவு சின்னத் தடையைச் சாதாரண மீட்டர் காட்டாது. இரண்டு பக்கமும் சரி, செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில் 9.6 வோல்ட்டுக்குக் குறையாமல் நிற்கிறது, அப்போதும் முக்குகிறது என்றால் செல்ஃப் மோட்டாரின் புஷ் தேய்ந்து ஆர்மெச்சர் உரசுகிறதா என்று கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? அடுத்து ஸ்பார்க். பிளக் வயர் ஒன்றைக் கழற்றி உபரி பிளக்கை மாட்டி, அதன் உலோக உடம்பு என்ஜினில் படும்படி பிளையரால் பிடியுங்கள். கார்பரேட்டரிலிருந்து எட்டத் தள்ளி வைத்துச் செய்யுங்கள், பெட்ரோல் வாடை பலமாக வீசினால் இந்தச் சோதனையையே தள்ளிப் போடுங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்க, சடக் சடக்கென்று நீலமாக விழுந்தால் மின்சாரப் பக்கம் பெரும்பாலும் நலம். மஞ்சளாக மெலிந்து விழுந்தாலோ, விழவே இல்லை என்றாலோ கோளாறு இங்கேதான்.

புதிய காயில் குற்றவாளியாக இருக்கலாம் என்பதை யாரும் யோசிப்பதில்லை. 12 வோல்ட் காயில்களில் இரண்டு வகை உண்டு. நேரடியாக 12 வோல்ட்டில் ஓடும் வகையின் பிரைமரி சுருளில் (+ முனைக்கும் - முனைக்கும் நடுவே உள்ளது) ஏறக்குறைய 3 ஓம் தடை இருக்கும். பேலாஸ்ட் ரெசிஸ்டரோடு (காயிலுக்குப் போகும் கரன்ட்டைக் குறைக்கும் தடை) ஓடும் வகைக்கு 1.5 ஓம். இரண்டாவதை ரெசிஸ்டர் இல்லாத வண்டியில் மாட்டினால் 4 ஆம்பியர் ஓட வேண்டிய இடத்தில் 8 ஆம்பியர் ஓடும். காலையில் அமர்க்களமான ஸ்பார்க் தரும், அரை மணியில் காயில் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும், பாயின்ட்டும் சீக்கிரம் கருகும். பார்ப்பது எளிது: சாவி ஆஃப் நிலையில் காயிலின் இரு வயர்களையும் கழற்றி + முனைக்கும் - முனைக்கும் நடுவே ஓம் அளந்துகொள்ளுங்கள். பிறகு வயர்களை மாட்டி, பாயின்ட் மூடியிருக்கும் நிலையில் சாவியை ஆன் செய்து, + முனைக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். 6 முதல் 8 வோல்ட் என்றால் வண்டியில் ரெசிஸ்டர் உண்டு, 12-க்குப் பக்கம் என்றால் இல்லை. அளந்தவுடன் சாவியை ஆஃப் செய்துவிடுங்கள்; பாயின்ட் மூடிய நிலையில் ஆனில் விட்டால் காயில் வீணாகச் சூடாகும். செல்ஃப் அடிக்கும்போது பிடித்து, சாவியை விட்டவுடன் என்ஜின் அணைகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த ரெசிஸ்டரைத்தான். பல வண்டிகளில் செல்ஃப் அடிக்கையில் கரன்ட் அதைத் தாண்டிக் காயிலுக்கு நேராகப் போகும்; ரெசிஸ்டர் அறுந்திருந்தால் சாவி திரும்பியதும் கரன்ட் நின்றுவிடும்.

பாயின்ட்டில் தீப்பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சர் சின்னப் பொருள்தான், ஆனால் சூட்டில் மட்டும் தகராறு செய்வதில் கெட்டிக்காரன். அதற்கென்று டிஸ்ட்ரிபியூட்டரைக் குடைய வேண்டாம். பழையதன் வயரைப் பிரித்துவிட்டு, நல்ல கண்டென்சர் ஒன்றின் உடம்பை எர்த் செய்து வயரைக் காயிலின் - முனையில் கொடுங்கள். வண்டி பிடித்துக்கொண்டால் முடிந்தது. காயில் வயரில் நல்ல ஸ்பார்க், பிளக் வயரில் மட்டும் இல்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் அதற்குள் சுழலும் ரோட்டாரையும். ரோட்டாரின் பித்தளைத் தகட்டுக்கு மேலே 5 மில்லிமீட்டர் இடைவெளியில் காயில் வயரைப் பிடித்து, சாவியை ஆன் செய்து, பாயின்ட்டை மரக்குச்சியால் திறந்து மூடுங்கள். ஒவ்வொரு முறையும் ரோட்டாருக்கு ஸ்பார்க் பலமாகப் பாய்ந்தால், கரன்ட் அதைத் துளைத்துக்கொண்டு ஷாஃப்ட்டுக்கு ஓடுகிறது என்று அர்த்தம். மாற்றிவிடுங்கள்.

ஸ்பார்க் நன்றாக இருந்தால் பெட்ரோல்தான். சூட்டில் வரும் தகராறில் கார்பரேட்டர் வண்டிகளுக்கு இங்கேதான் பெரும்பாலும் முடிச்சு அவிழும். ஒன்று பெட்ரோல் கூடிப்போகும், அல்லது இல்லாமல் போகும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு, அதனால் எது என்று உறுதி செய்யாமல் ஸ்குரூவைத் திருகாதீர்கள்.

ஏர் ஃபில்டரைக் கழற்றி, என்ஜின் நிற்கும்போது டார்ச் அடித்துக் கார்பரேட்டரின் தொண்டைக்குள் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது ஒருபோதும் முகத்தை அங்கே கொண்டுபோகக் கூடாது, பேக்ஃபயர் ஆனால் தீ மேலே வரும். முதலில் சோக் தகடு, அதாவது குளிரில் காற்றைக் குறைக்கும் தகடு: சூட்டில் அது முழுதாகத் திறந்து நேர் நிற்க வேண்டும், பாதியில் நின்றால் அதுவே காரணம். பிறகு நாஸில் முனை. அதிலிருந்து பெட்ரோல் சொட்டினாலோ, உள்சுவர் ஈரமாக இருந்தாலோ, ஃப்ளோட் சேம்பரில் (கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம்) பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் வழிந்திருக்கிறது. பெட்ரோல் பல திரவங்களின் கலவை. அதன் இலேசான பகுதி 35-40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். உறுதி செய்ய, ஆக்சிலரேட்டரை ஒரே மிதியாகத் தரை வரை மிதித்து, பம்ப் செய்யாமல் அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். தடுமாறிக் கரும்புகை விட்டுப் பிடித்தால் ஓவர்ஃப்ளோ.

தொண்டை காய்ந்து கிடந்தால், திராட்டில் லீவரைக் கையால் ஒரு தட்டுத் தட்டுங்கள். ஆக்சிலரேட்டர் பம்ப் உள்ள கார்பரேட்டரில் மெல்லிய பீச்சல் ஒன்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஃப்ளோட் சேம்பர் காலி. இப்போது ஈரத்துணியைப் பெட்ரோல் பம்ப் மீதும் அதற்கு வரும் குழாய் மீதும் மட்டும் சுற்றி, சில நிமிடம் விடுங்கள். சொட்டும் தண்ணீர் கொதிக்கும் மேனிஃபோல்டில் படக் கூடாது, வார்ப்பிரும்பு விரிசல் விடும். அதன்பின் சேம்பர் நிறையும் அளவுக்குச் செல்ஃப் அடித்ததும் பிடித்தால் வேப்பர் லாக், அதாவது பம்ப் பெட்ரோலுக்குப் பதிலாக ஆவியை மென்றுகொண்டிருக்கிறது. ஒரே நேரத்தில் காயிலையும் பம்பையும் சேர்த்துக் குளிரவைத்தால் எது என்று தெரியாது.

வழிந்தது என்றால், ஓவர்ஹாலைத்தான் முதலில் சந்தேகிப்பேன். கார்பரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே பல என்ஜின்களில் தடித்த பேக்கலைட் கட்டை ஒன்று இருக்கும், சூட்டைத் தடுப்பதே அதன் வேலை. விரிசல் விட்டதென்று தூக்கிப் போட்டுவிட்டு மெல்லிய கேஸ்கெட்டோடு இறுக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. கார்பரேட்டரைப் பிடிக்கும் ஸ்டட்களைப் பாருங்கள். நட்டுக்கு மேலே மரை 8-10 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால், அந்த உயரத்துக்கு அங்கே ஏதோ இருந்திருக்கிறது. அதே அளவுக் கட்டையை இருபுறமும் கேஸ்கெட்டோடு வைத்து, நட்டுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கமாக இறுக்கினால் கார்பரேட்டரின் அடித்தகடு வளைந்து காற்று உள்ளே போகும்.

அதோடு ஃப்ளோட் சேம்பரையும் திறந்து பாருங்கள். பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டினால் உள்ளே பெட்ரோல் சலசலக்கிறதா? சந்தேகம் இருந்தால், அடுப்பு எதுவும் எரியாத இடத்தில் சுடுநீரில் அமிழ்த்துங்கள். ஓட்டை இருக்கும் இடத்திலிருந்து குமிழி வரும். ஃப்ளோட் ஏறியதும் பெட்ரோலை அடைக்கும் நீடில் வால்வின் கூம்பு முனையில் நகத்தை ஓட்டுங்கள். வளையமாகப் பள்ளம் தட்டுப்பட்டால் அது சரியாக அடைக்காது. நீடிலை மட்டும் மாற்றாமல் அதன் சீட்டோடு சேர்த்து மாற்றுங்கள். ஃப்ளோட் உயரம் அந்தந்தக் கார்பரேட்டரின் கையேட்டில் உள்ளபடி. கண்ணளவு இங்கே உதவாது. மெக்கானிக்கல் பம்பின் அழுத்தம் பொதுவாக 2 முதல் 4 பிஎஸ்ஐ. பம்புக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள கட்டையின் தடிமன் குறைந்தால் லீவர் அதிகம் அசைந்து அழுத்தம் கூடும், நீடில் வால்வு தாங்காது. அந்தக் கட்டையும் சூட்டைத் தடுக்கத்தான் இருக்கிறது.

வேப்பர் லாக் என்றால் டேங்க் மூடியிலிருந்து தொடங்குங்கள். திறக்கும்போது உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. டேங்கில் வெற்றிடம் உண்டாகிப் பம்ப் திணறும். பிறகு டேங்குக்கும் பம்புக்கும் இடைப்பட்ட ரப்பர் ஹோஸ்கள். அந்தப் பக்கம் உறிஞ்சும் பக்கம் என்பதால், வெடிப்பு இருந்தாலும் ஓடும்போது பெட்ரோல் கசியாது, காற்றுதான் உள்ளே போகும். வெளியே காய்ந்து கிடக்கிறதே என்று ஏமாறாதீர்கள், வளைத்துப் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலைப் பழைய ரப்பர் தாங்காது. எஸ்ஏஇ ஜே30 ஆர்9 தரமுள்ள ஹோஸ் போடுங்கள். இரும்புக் குழாய் எக்ஸாஸ்டை ஒட்டி ஓடினால் தள்ளிக் கட்டுங்கள், முடியாத இடத்தில் நடுவே தகடு வையுங்கள். டேங்குக்குத் திரும்பிப் போகும் குழாய் உள்ள வண்டியில் அது அடைத்திருக்கிறதா என்று ஊதிப் பாருங்கள். இவையெல்லாம் பார்க்காமல் டேங்க் பக்கம் எலக்ட்ரிக் பம்ப் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வைத்தே ஆகவேண்டும் என்றால் குறைந்த அழுத்தப் பம்பாக, என்ஜின் நின்றால் தானே நிற்கும்படி ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாக இணைத்து வையுங்கள்.

டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்) பின்தங்கியிருந்தாலும், கலவையில் பெட்ரோல் குறைந்திருந்தாலும் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும். ஆகவே டைமிங் லைட்டால் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

செல்ஃப், ஸ்பார்க், பெட்ரோல் மூன்றும் சூட்டிலேயே சரி, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் மிச்சம் இருப்பது வால்வு கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் இடைவெளி. எக்ஸாஸ்ட் வால்வு இறுகியிருந்தால் சூட்டில் நீண்டு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) போய்விடும். என்ஜின் சூட்டோடு எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, காயில் வயரை எர்த் செய்து, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து, கம்ப்ரஷன் கேஜால் ஒவ்வொரு சிலிண்டரையும் அளந்து பாருங்கள். ஒன்று மற்றவற்றைவிட 10-15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அதில் ஒரு டீஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. கையேட்டில் சொன்ன இடைவெளியை அதில் சொன்ன சூட்டு நிலையிலேயே வைத்து, மறுபடி ஒருமுறை கேஜைப் போட்டுப் பாருங்கள்.