‘தானே அச்சிட்டது’ என்றால் என்ன?

கேள்வி: ஜப்பானிய ஓவியர் ஹிரோஷி யோஷிடா 1931-இல் வெளியிட்ட மதுரைக் கோயில் படம் உட்பட அவருடைய மரக்கட்டை அச்சுகளின் ஓரத்தில் ‘ஜிசுரி’ (தானே அச்சிட்டது) என்று முத்திரை இருக்கிறதாம். ஆனால் அவர் சம்பளத்துக்கு ஆள் வைத்துத்தான் செதுக்கினார், அச்சிட்டார் என்கிறார்கள். முத்திரை பொய்தானே? – ஒரு வாசகர், திருச்சி

பதில்: பொய் இல்லை. ஆள் வைத்திருந்தது உண்மை. ஆனால் அந்த முத்திரை யார் கை தேய்த்தது என்பதைச் சொல்லவில்லை, யார் பொறுப்பில் தாள் வெளியே போனது என்பதைச் சொல்கிறது.

யோஷிடா (1876–1950) முதலில் எண்ணெய் வண்ண, நீர்வண்ண ஓவியர். 1920-இல் பதிப்பாளர் வதனபே ஷோசபுரோவுக்காக அச்சுப் படம் வரையத் தொடங்கினார். அங்கே கடைசி வார்த்தை பதிப்பாளருடையது. 1923 டோக்கியோ நிலநடுக்கத் தீயில் வதனபேயின் கட்டைகள் எரிந்துபோயின. 1925-இல் யோஷிடா சொந்தப் பட்டறை வைத்தார். செதுக்கவும் அச்சிடவும் தாமே கற்றுக்கொண்டு, பணியாளர்களின் பக்கத்திலேயே நின்று வேலை வாங்கினார். 1928-இன் ‘பாய்ந்தோடும் ஆறு’ படத்துக்குத் தாமே உளியையும் பிடித்தார்.

அப்படி நிற்க வேண்டிய அவசியம் என்ன? பழைய உகியோ-எ (ஜப்பானின் மரபு மரக்கட்டை அச்சு) படங்களுக்குப் பத்து, இருபது முறை அச்சிட்டால் போதும். யோஷிடாவுக்குச் சராசரி முப்பது. 1937-இன் ‘யோமெய்மோன்’ வாயில் படத்துக்கு 96. ஒவ்வொரு முறையும் செர்ரி மரக்கட்டையில் நிறத்தையும் அரிசிப் பசையையும் தூரிகையால் பரப்பி, ஈரத்தாளைக் கட்டையின் மூலையிலும் விளிம்பிலும் வெட்டிய ‘கென்தோ’ அடையாளங்களில் பொருத்தி, தாளின் முதுகில் ‘பாரென்’ வைத்துத் தேய்க்க வேண்டும். பாரென் என்பது மூங்கில் நார்க் கயிற்றைச் சுருளாக்கி மூங்கில் மடலில் பொதிந்த வட்டக் கருவி. நடுவில் தாள் காய்ந்தால் சுருங்கும். முப்பதாவது நிறம் கோட்டிலிருந்து விலகும். ஈரம் மிஞ்சினால் நிறம் கசியும். பசை குறைந்தால் எள் தூவினாற்போல் புள்ளி விழும். தாளுக்குப் பூசும் வச்சிர-படிகாரக் கரைசல் நீர்த்துப்போனால் தேய்க்கத் தேய்க்க நார் கிளம்பும். இவ்வளவையும் தாண்டி எந்தத் தாள் தேறும் என்று சொல்லும் கண்தான் ஓவியருடையது.

1926-இன் பாய்மரப் படகுகளைப் பாருங்கள். அதே கட்டைகள்தான், நிறத்தை மட்டும் மாற்றிக் காலை, முற்பகல், பிற்பகல், மாலை, இரவு, மூடுபனி என்று ஆறு படங்கள். ஆறையும் பிரிப்பது உளி அல்ல, அச்சிடும்போது எடுக்கும் முடிவு.

‘தானே வரைந்து, தானே செதுக்கி, தானே அச்சிடு’ என்ற சோசாகு ஹங்கா இயக்கத்தை மனதில் வைத்து நீங்கள் கேட்டிருக்கலாம். 1904-இல் யமமோதோ கனாயே ‘மீனவர்’ படத்தை அப்படிச் செய்தார். அதே வழியில் வந்து 1956-இல் வெனிஸில் பரிசு வாங்கிய முனகதா ஷிகோ பெரும்பாலும் கருப்பு நிறத்தையே நம்பினார். ஒரு கட்டையை ஒருவர் கை தாங்கும். 96 அச்சு கொண்ட படத்தை நூற்றுக்கணக்கில் போட ஒருவர் கை தாங்காது. அந்த அளவுகோலால் யோஷிடாவை அளப்பது நியாயமில்லை.

படம் வாங்குவதாக இருந்தால் இடது ஓரத்தில் ஜிசுரியையும், கீழே பென்சில் கையெழுத்தையும் தேடுங்கள். அவர் மறைவுக்குப் பின் அச்சிட்டவற்றில் ஜிசுரி இருக்காது. கையெழுத்தும் முத்திரையாகக் குத்தப்பட்டதாகவே இருக்கும். பென்சில் கோடு தாளில் லேசாகப் பதிந்து, சாய்த்துப் பிடித்தால் மினுங்கும்.